விரலில் பட்ட பந்து

உடும்பஞ்சோலை
28-8-77

பிரியமுள்ள அக்கா அழகுத்தாய்க்கு, தம்பி செல்லத்துரை எழுதிக்கொண்டது. இங்க அட்டைக்கடியும் அடைமழையும் தவிர வேற குறை ஒண்ணும் இல்ல. நானும் தங்கச்சி மூக்கம்மாளும் நல்லா இருக்கோம். நீயும் மச்சானும் கொழிஞ்சாம்பாறையில எப்படி இருக்கீங்க? மில்லு வாலிபால் டீமுக்கு இந்த வருசமும் மச்சான்தான கேப்டன்? அவரு இங்க விட்டுட்டுப் போன நெட்டைத்தான் நாங்க இன்னும் ஒட்டுப்போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கோம்.

விசயத்துக்கு வர்றேன். நம்ம மூக்கிக்கு ஒரு இடம் பாத்திருக்கேன். எங்க தேயிலை பேக்டரியில இலை வாட்டுற மாடியில வேலை பாக்குற சின்னமுத்து. மாமன் வழியில முறை ஆகுது. பையன் ஆறடிக்கு ஒரு விரக்கடை குறைவு. வாயத் திறந்தா முத்து உதிந்துரும்னு பயம் போல, பேசவே மாட்டான். ஆனா நெட்டுக்கு முன்னால அவன் கை ரெண்டும் எந்திரிச்சதுன்னா எதிராளிக்கு வானம் தெரியாது. எங்க டீம்ல பிளாக்கு அவன்தான். நான் பந்து தூக்கிக் கொடுக்குறவன், கேப்டனும் நான்தான். கத்துறதுக்குன்னு ஒரு ஆளு வேணும்ல.

ஆறு வருசமா டெம்பரவரியாவே இருக்கான். இப்ப மானேஜர் ஒரு வாக்குக் கொடுத்திருக்காரு. மார்கழிக்கு முன்னால குமுளியில நடக்குற எஸ்டேட் போட்டியில ஷீல்டு ஜெயிச்சா, டீம்ல இருக்குற டெம்பரவரி ஆளுக ரெண்டு பேரையும் பெர்மனெண்ட் ஆக்குறேன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாரு.

மூக்கியக் கேட்டேன். "உங்க இஷ்டம்ணே"ன்னு சொல்லிட்டு அடுப்புல இருந்த பாலைப் பொங்க விட்டுட்டா. இதுக்கு மேல என்னத்தக் கேக்க? அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு நீதான் தாய். நீ சரின்னா சரி.

பதில் எதிர்பார்க்கும் தம்பி,
செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை
12-9-77

என் தம்பி செல்லத்துரைக்கு அக்கா அழகுத்தாய் ஆசீர்வாதம் சொல்லி எழுதியது. நாங்க இங்க ஏதோ இருக்கோமுங்க. ஐயோ பாரு, உனக்கே "ங்க" போட்டுட்டேன். எட்டு வருசம் இந்த ஊருத் தண்ணியக் குடிச்சா நாக்கு இப்படித் திரும்பிருது.

பையன் நல்லவன்னு நீ சொன்னா நான் நம்புறேன். முறையும் சரிதான். ஆனா ஒண்ணு, பெர்மனெண்ட் ஆகாம பொண்ணு கிடையாது. நான் பிடிவாதக்காரின்னு நினைக்காதே. ஆள்குறைப்பு வந்தா முதல்ல கழிக்கிறது டெம்பரவரியத்தான். அப்பாவ நிறுத்துன அன்னிக்கு எஸ்டேட் லயத்து வீட்டுல இருந்து நம்ம சாமானத் தூக்கி வெளிய வச்சாங்களே, உனக்கு ஞாபகம் இருக்கா? மூக்கி கைப்பிள்ளை. அம்மா அவளை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டு இருந்த அரிசிப் பானையப் பாத்துக்கிட்டே நின்னா. அந்த நிலை மூக்கிக்கு வரக்கூடாது. ஷீல்டை ஜெயிங்க, தை மாசமே தாலி கட்டிரலாம்.

இங்க ஆடிக் கடைசியில மில்லுல பஞ்சு குடோன் தீப்பிடிச்சிருச்சு. ஆளுக்கு ஆபத்து இல்ல. அன்னிக்குக் காவல்ல இருந்த சென்னிமலைங்கிறவர வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நம்ம பக்கத்து வீடுதான். அவரு சம்சாரம் பூவாத்தாள் வயித்துப் பிள்ளைக்காரி. காலையில இட்லி ஊத்துனா நாலு அவளுக்குக் கொடுத்துட்டுத்தான் நான் சாப்பிடுறது.

மச்சான் இப்ப விளையாடப் போறதில்ல. தோள்பட்டை வலின்னு சொல்றாங்க. பீடிய விட்டுட்டாங்க.

மூக்கிய எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லு.
அக்கா


உடும்பஞ்சோலை
2-10-77

அக்காவுக்கு தம்பி வணக்கமுங்க. (இனிமே நானும் "ங்க"தான்.) நாங்க இங்க சுகம். மூக்கி எண்ணெய் தேச்சுக் குளிச்சாச்சு. நீ சொன்னேன்னு அரைப்படி எண்ணெயக் காலி பண்ணிட்டா.

மச்சான் பீடிய விட்டுட்டாரா! என்னக்கா சொல்ற? நாங்க காலைப் பிடிச்சுக் கெஞ்சியும் கேக்காத மனுசனாச்சே. மனசுல நினைச்சா முடிச்சுக் காட்டுற ஆளுன்னு நான் எப்பவும் சொல்லுவேன். எங்க பயலுககிட்ட இதச் சொன்னேன். "எங்க மச்சானப் பாருங்கடா, அவருல்லடா ஆம்பளை"ன்னேன். தோள் வலிக்கு நல்லெண்ணெயும் கற்பூரமும் காய்ச்சித் தேச்சு விடு. அவரு ஆடாத மைதானம் என்ன மைதானம்?

உன் நிபந்தனைய சின்னமுத்துகிட்டச் சொன்னேன். தலையாட்டுனான், அம்புட்டுத்தான். ஆனா மறுநாள்ல இருந்து வேலை விட்டதும் தனியா சுவத்துல பந்து அடிச்சுக்கிட்டு இருக்கான். மூணு ஆட்டம் முடிஞ்சது, மூணும் ஜெயிச்சாச்சு.

ஒரு கூத்தைக் கேளு. ரெண்டாவது ஆட்டத்துல நடுவுல திடீர்னு கையத் தூக்குறான். என்னடான்னா, நெட்டத் தொட்டுட்டானாம். அம்பயர் பாக்கல, எதிராளி பாக்கல, அந்த நெட்டுக்கே தெரியாது! "ஏண்டா இப்படி?"ன்னு கேட்டேன். "பட்டுச்சுல்லண்ணே"ன்னான். ஜெயிச்சுக்கிட்டு இருந்ததால சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா மனசுக்குள்ள ஒரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். இப்படி ஒருத்தன் வீட்டு மாப்பிள்ளையா வந்தா மூக்கிக்கு என்ன குறை?

கார்த்திகை முதல் தேதி மச்சான் மாலை போடுவாருல்ல? எட்டாவது வருசம் மலைக்கு. எப்பவும் போல குமுளி பஸ் ஸ்டாண்டில நான் நிப்பேன். எந்தத் தேதின்னு எழுதச் சொல்லு.

தம்பி
செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை
25-10-77

தம்பிக்கு அக்கா எழுதியது. உங்க சுகம் தெரிஞ்சு சந்தோசம். தீபாவளிக்கு மூக்கிக்கு ஒரு சேலையும் ரவிக்கைத் துணியும் பார்சல் அனுப்பியிருக்கேன். ரவிக்கைய அவளே தைக்கட்டும், மாமியார் வீட்டுக்குப் போறவளுக்குத் தெரியணும்.

சின்னமுத்து கையத் தூக்குன கதைய மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க.

பூவாத்தாளுக்கு ஆம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு. சென்னிமலை கல்லுடைக்கப் போறாரு. பீடி குடிச்சுத் தீ வச்சாருன்னு பேரு. அந்த மனுசன் வெத்தலைகூடப் போட மாட்டாரு. பூவாத்தாள் என்கிட்ட, "ஏனுங்கக்கா, சாமி கண்ணத் தொறக்காதுங்களா?"ன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்? பிள்ளைக்கு ஒரு துணித் தூளி கட்டிக் கொடுத்துட்டு வந்தேன்.

உடம்பப் பாத்துக்க. வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க, நிறுத்துறேன்.
அக்கா


உடும்பஞ்சோலை
20-11-77

அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல்னு எழுதுறதுக்கு முன்னால ஒரு கேள்வி. மச்சான் மாலை போட்டாரா இல்லையா? போன கடிதத்துல நான் கேட்டதுக்கு நீ பதிலே எழுதல. குமுளிக்கு ரெண்டு தடவை போயி பஸ் பஸ்ஸா பாத்துட்டு வந்தேன். கருப்பு வேட்டியோட இறங்குனவங்க முகத்தையெல்லாம் பாத்துப் பாத்து, ஒரு சாமி என்னைப் பைத்தியம்னு நினைச்சு திருநீறு பூசிவிட்டுட்டாரு.

இங்க சின்னமுத்து மாலை போட்டுட்டான். எனக்கும் அவனுக்கும் அதுலதான் சண்டை. "இறுதி ஆட்டம் டிசம்பர் பதினொண்ணு. அது முடியட்டும்டா, மகரவிளக்குக்குப் போயிக்கலாம், மார்கழியில மாலை போட்டாப் போதாதா? ஒருவேளைச் சாப்பாடு, பச்சைத்தண்ணிக் குளியல், இதுல எங்க இருந்து எகிறிக் குதிப்ப?"ன்னு கேட்டேன். "பெர்மனெண்ட் ஆகணும்னா முதல்ல மாலைதாண்ணே"ன்னான். பெருமாளே! இப்ப அவன டேய்னு கூப்பிடவும் முடியல, சாமின்னுதான் கூப்பிடணும். "ஏண்டா சாமி சர்வீஸ வெளிய அடிச்ச?"ன்னு எப்படிக் கேக்குறது? கத்தாம ஆட்டம் ஆட எனக்குத் தெரியாதுக்கா.

ஆனா ஒண்ணு சொல்லணும். மாலை போட்டபிறகு அவன் ஆட்டத்தப் பாக்கணும். வேட்டியத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு, "சாமியே"ன்னு மெதுவா ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு எகிறு. அவன் கும்புடுறதும் குதிக்கிறதும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நானும் இத்தனை வருசம் கோயிலுக்குப் போறேன், என்னமோ கேக்கத்தான் போறேன். அவன் எதுவும் கேக்குற மாதிரித் தெரியல. அரையிறுதியையும் ஜெயிச்சுட்டோம்.

மச்சான் விசயத்த மறக்காம எழுது.
செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை
30-11-77

தம்பிக்கு. இங்க சுகந்தான். மச்சான் இந்த வருசம் மாலை போடல. குமுளிக்கு வந்து காத்திருக்காதே. வேற எதுவும் கேக்காதே. ஆட்டத்துல கவனம் வை.

மூக்கிக்கு முத்தம்.
அக்கா


உடும்பஞ்சோலை
13-12-77

அக்கா,

சுகம் கேக்குற நிலைமையில நான் இல்ல. தோத்துட்டோம். தோக்கல, தோக்க வச்சுட்டான்.

முழுசா எழுதுறேன், நீயே நியாயம் சொல்லு. குமுளி மைதானத்துல கூட்டம் தேர் பாக்க வந்த மாதிரி. எங்க பேக்டரி ஆளுக லாரி லாரியா வந்திருந்தாங்க. மூக்கியும் வந்திருந்தா. எதிர்த்தாப்புல பெரியாறு பக்கத்து எஸ்டேட். அவங்க கேப்டன் சுவக்கீன், பனைமரம் மாதிரி ஆளு, அடிச்சா பந்து தரையில குழி பறிக்கும். ஆளுக்கு ரெண்டு செட். அஞ்சாவது செட்டுல நாங்க பதினாலு, அவங்க பதிமூணு. சர்வீஸ் எங்களது. ஒரே ஒரு பாயிண்ட். ஒண்ணே ஒண்ணு!

சர்வீஸ் போட்டோம். அவங்க எடுத்துக் கொடுத்தாங்க. சுவக்கீன் எகிறி அடிச்சான். சின்னமுத்து பிளாக்குக்கு எந்திரிச்சான். பந்து அவன் தலைக்கு மேல பறந்து, கோட்டுக்கு வெளிய நாலடி தள்ளி விழுந்துச்சு. அம்பயர் விசில் ஊதி, பந்து வெளிய, பாயிண்ட் எங்களுக்குன்னு கையக் காட்டிட்டாரு. ஜெயிச்சாச்சு! நம்ம ஆளுக கயித்தத் தாண்டி உள்ள ஓடி வந்துட்டாங்க. என்னத் தூக்கித் தோள்ல வச்சுட்டாங்க. நான் மேல இருந்து பாக்குறேன், சின்னமுத்து நின்ன இடத்துலயே நிக்கிறான், வலது கையத் தூக்கிக்கிட்டு.

அம்பயர் கூப்பிட்டுக் கேட்டாரு. "பந்து என் சுண்டுவிரல்ல பட்டுத்தான் வெளிய போச்சு சார்"ங்கிறான். சுவக்கீனே, "எனக்கே தெரியல சாமி, சும்மா இருங்க"ன்னான். எதிராளி சொல்றான் அக்கா! இவன் கையக் கீழ இறக்கல. கூட்டத்த வெளிய அனுப்பி, என்னைத் தோள்ல இருந்து இறக்கி, பாயிண்ட அழிச்சு, சர்வீஸ அவங்களுக்குக் கொடுத்தாங்க. அப்புறம் எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பதினாறு பதினாலுன்னு முடிஞ்சு போச்சு.

சுவக்கீன் அவன் கழுத்துல விழுந்த மாலைய எடுத்து சின்னமுத்துக்குப் போட வந்தான். "ஏற்கெனவே ஒண்ணு போட்டிருக்கேங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டான். நான் எல்லாருக்கும் முன்னால அவன் சட்டையப் பிடிச்சேன். மாலை போட்ட ஆளுன்னு கூடப் பாக்கல. "உன் வேலை போச்சுடா, என் தங்கச்சி வாழ்க்கை போச்சுடா, ஏண்டா?"ன்னு கேட்டேன். "பட்டுச்சுல்லண்ணே"ன்னான். அதே வார்த்தை.

மானேஜர் முகத்தத் திருப்பிக்கிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. பெர்மனெண்ட் பேச்சு முடிஞ்சது. உன் நிபந்தனைப்படி கல்யாணப் பேச்சும் முடிஞ்சது. மச்சான் அந்த இடத்துல இருந்திருந்தா இப்படி ஒரு பாயிண்ட விட்டுக் கொடுத்திருப்பாரா? அவருகிட்டயே கேட்டு எழுது.

செல்லத்துரை


உடும்பஞ்சோலை
19-12-77

அன்புள்ள அக்காவுக்கு மூக்கம்மாள் எழுதுவது. நீயும் மச்சானும் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிறேன். அண்ணனுக்குத் தெரியாம எழுதுறேன், திட்டாதே. ரவிக்கைய நானே தைச்சுட்டேன். கை கொஞ்சம் இறுக்கம்.

அக்கா, அவங்க கையத் தூக்குனப்ப நான் கயித்துக்குப் பக்கத்துல நின்னேன். எல்லாரும் கெட்ட வார்த்தையில திட்டுனாங்க. எனக்கும் முதல்ல அழுகைதான் வந்துச்சு. என்னை வேண்டாம்னு சொல்லித்தான் கையத் தூக்குறாங்களோன்னு ஒரு நிமிசம் நினைச்சேன். அப்புறம் அவங்க முகத்தப் பாத்தேன். என்னைத்தான் பாத்தாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. என்ன போகப்போகுதுன்னு தெரிஞ்சுதான் தூக்குனாங்க அக்கா.

நீ வேண்டாம்னா நான் மீற மாட்டேன். ஆனா வேற யாரையும் பாக்க வேண்டாம். நான் இப்படியே இருந்துக்கிறேன்.

உன் தங்கச்சி
மூக்கி


உடும்பஞ்சோலை
8-1-78

அக்காவுக்கு, நாங்க நலம். நாலு வாரமா உன்கிட்ட இருந்து ஒரு கார்டுகூட இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா? மச்சானுக்கு ஒண்ணும் இல்லையே? நான் கோவத்துல எழுதுனது உன்னை நோகடிச்சிருச்சா? தபால்காரரப் பாத்தாலே மூக்கி வாசலுக்கு ஓடுறா.

சின்னமுத்து மலைக்குப் போயிட்டு வந்துட்டான். இருமுடி கட்டுறதுக்கு முன்னால வீடு வீடாப் போயி, "தப்பு ஏதும் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க"ன்னு கேட்டுட்டுப் போறது வழக்கம்ல? என் வாசலுக்கும் வந்தான். நான் கதவத் திறக்கல. திரும்பி வந்தபிறகு பிரசாதம் கொண்டுவந்து வாசப்படியில வச்சுட்டுப் போனான். அதை மூக்கி எடுத்து வச்சிருக்கா. நான் தொடல. தொடவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. எனக்கு ராத்திரி கண்ண மூடுனா அந்தக் கைதான் தெரியுது.

ஒரு வரியாவது எழுது.
செல்லத்துரை


கொழிஞ்சாம்பாறை
24-1-78

என் செல்லத் தம்பிக்கும் மூக்கிக்கும் அக்கா எழுதுவது. நாங்க உயிரோட, உடம்போட இருக்கோம். மத்தத நீங்க வாசிச்சுட்டு முடிவு பண்ணிக்கங்க. இத எழுத உக்காந்து உக்காந்து எத்தனை தாளக் கிழிச்சேன்னு கணக்கில்ல.

மச்சான் ஏன் மாலை போடலன்னு கேட்டல்ல? பஞ்சு குடோன்ல தீ வச்சது அவங்க பீடி. அன்னிக்கு மழைக்கு ஒதுங்கி குடோன் பின்வாசல்ல நின்னு ஒரே ஒரு பீடி குடிச்சிருக்காங்க. அணைஞ்சிருச்சுன்னு நினைச்சுப் போட்டுட்டு வந்துட்டாங்க. விசாரணைக்கு எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுக் கேட்டப்ப, "நீங்க கேப்டன், உங்களைக் கேக்க வேண்டியதில்ல"ன்னு மானேஜரே தள்ளி நிக்கச் சொல்லிட்டாராம். இவங்களும் தள்ளி நின்னுட்டாங்க. சென்னிமலை போயிட்டாரு.

அன்னிக்கே வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொன்னாங்க. "நாளைக்குப் போயிச் சொல்லிரட்டா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலப் பிடிச்சுக்கிட்டு, "சும்மா இருங்க"ன்னேன். வேலை போகும், வீடு போகும், நம்ம அம்மா சாமான் மாதிரி என் சாமானும் மழையில கிடக்கும்னு பயந்தேன் தம்பி. பூவாத்தாளுக்குக் கொடுத்த இட்லியெல்லாம் பாசத்துல கொடுத்ததுன்னு நினைச்சியா? அந்தப் பயத்துல கொடுத்தது.

நீ ஒவ்வொரு கடிதத்துலயும் மச்சானப் புகழ்ந்து எழுதுவ. வாசிச்சுக் காட்டுறப்ப அவங்க முகத்த நான் பாக்க மாட்டேன். ஆட்டத்தப் பத்தி நீ எழுதுன கடிதம் வந்துச்சு. "பட்டுச்சுல்லண்ணே"ங்கிற இடத்துல, "இன்னொரு தடவை வாசி"ன்னாங்க. வாசிச்சேன். "மச்சான் இருந்திருந்தா"ன்னு நீ கேட்டிருந்தியே, அதையும் வாசிச்சேன். சாப்பிடாம எந்திரிச்சுட்டாங்க. அப்புறம் மூக்கி கடிதம். அதை நான் வாசிச்சுக் காட்டல. அவங்களே எடுத்து எழுத்துக் கூட்டி வாசிச்சாங்க. பொங்கலுக்கு அடுப்பு பத்த வச்சேன், பொங்கவிட மனசு வரல.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில குளிச்சு, போன வருசத்துக் கருப்பு வேட்டியக் கட்டிக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போனாங்க. நானும் பின்னால போனேன். சென்னிமலை வாசல்ல உக்காந்து பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு இருந்தாரு. இவங்களுக்கு வாய் வரல தம்பி. வலது கையத் தூக்குனாங்க. மைதானத்துல தூக்குற மாதிரியே. அந்த மனுசன் ஒண்ணும் புரியாம, "ஏனுங்க கேப்டன், என்னாச்சுங்க? தோள் வலி தேவலைங்களா?"ன்னு கேட்டாரு. அப்பத்தான் உடைஞ்சு அழுது, எல்லாத்தையும் சொன்னாங்க.

சென்னிமலை பிள்ளையத் தூளியில போட்டுட்டு, ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாரு. பூவாத்தாள்தான் என்னப் பாத்துக் கேட்டா. "அஞ்சு மாசமா நெம்ப நல்ல மனசுன்னு நெனச்சு உங்கூட்டு இட்லியத் தின்னனே அக்கா"ன்னா. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் என்கூடப் பேசல. பேசுவாளான்னு தெரியல. எனக்கு அது வேணும்.

ரெண்டு பேரும் சேந்தே மில்லுக்குப் போனாங்க. சென்னிமலைக்கு ஒண்ணாம் தேதியில இருந்து வேலை. மச்சானுக்கு வேலை இல்ல. மாசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். நான் எதுக்குப் பயந்தேனோ அது நடந்துருச்சு. நடந்தபிறகு பாத்தா, பயந்த அளவுக்கு இல்ல. அஞ்சு மாசத்துக்கு அப்புறம் நேத்துத்தான் அவங்க குறட்டைச் சத்தம் கேட்டேன். உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்.

மூக்கி, நீ எழுதுன "தெரிஞ்சுதான் தூக்குனாங்க"ங்கிற வரி என்னைக் கொன்னுருச்சு கண்ணு. நான் பெர்மனெண்ட் வேணும்னு கேட்டது தப்பு. பெர்மனெண்டாத்தான் மச்சானுக்கு வேலை இருந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் ஒரு வாய் நிம்மதியாத் திங்கல. செல்லத்துரை, மூக்கிய சின்னமுத்துக்கே கொடு. நான் கேட்டதாச் சொல்லாதே, நான் கெஞ்சுறதாச் சொல்லு.

எங்கமேல கோவம் இருந்தா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.
அக்கா


உடும்பஞ்சோலை
2-2-78

அக்காவுக்கும் மச்சானுக்கும் தம்பி செல்லத்துரை நமஸ்காரம்.

கடிதம் வந்தது. முதல்ல கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். எங்க பயலுக முன்னால எத்தனை தடவை "எங்க மச்சானப் பாருங்கடா"ன்னு மார்தட்டியிருக்கேன்! அப்புறம் அழுதேன். மூக்கி என்னைப் பாத்து அழுதா. பால் மறுபடியும் பொங்கி வழிஞ்சது. இந்த வீட்டுல பாலக் காய்ச்சவே முடியாது போல.

சின்னமுத்து வீட்டுக்குப் போனேன். நான் வாசல்ல நின்னேன். அவன் கதவத் திறந்தான். நான் திறக்காம இருந்த கதவ அவன் ஞாபகத்துலயே வச்சுக்கல, "வாங்கண்ணே, டீ குடிங்க"ன்னான். "டேய், என்னைய மன்னிச்சுக்கடா"ன்னேன். மாலை கழட்டிட்டான்ல, இப்ப டேய் போடலாம். மச்சான் விசயத்தச் சொன்னேன். "அண்ணே, நான் தூக்குனது ஒரு ஆட்டத்துக்கு. அவரு அஞ்சு மாசம் கழிச்சுத் தூக்கியிருக்காரு. என்னால முடிஞ்சிருக்காது"ன்னான். அவன் இத்தனை வார்த்தை சேந்தாப்புல பேசி நான் கேட்டதில்ல.

பங்குனி ஒம்பதாந்தேதி முகூர்த்தம். அவன் இன்னும் டெம்பரவரிதான், மானேஜர் இன்னும் முகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போறாரு. போகட்டும். நீங்க ரெண்டு பேரும் சாமானக் கட்டிக்கிட்டு நேரா இங்க வாங்க. எனக்குக் கொடுத்திருக்குற வீட்டுல ரெண்டு அறை இருக்கு. பக்கத்து ஏலத்தோட்டத்துல மச்சானுக்கு வேலை சொல்லி வச்சிருக்கேன். குமுளி பஸ் ஸ்டாண்டில நான் நிப்பேன். டீமுக்கும் கேப்டன் வேணும். நான் கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

செல்லத்துரை

பிரசாதத்த இன்னிக்குத்தான் வாயில போட்டேன். கட்டியாப் போயிருந்துச்சு. இனிப்பாத்தான் இருந்துச்சு.


கொழிஞ்சாம்பாறை
9-2-78

தம்பி சின்னமுத்து அவர்களுக்கு, செல்லத்துரையோட மச்சான் காளிச்சாமி எழுதுவது. உங்க உடம்பும் மனசும் நல்லா இருக்கணும். எனக்கு எழுதிப் பழக்கம் இல்ல. வீட்டுக்காரிதான் எப்பவும் எழுதுவா. இதை நானே எழுதணும்னு எழுதுறேன். பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நாம நேர்ல பாத்துக்கிட்டது இல்ல. நான் அந்த மைதானத்த விட்டுப் போனபிறகு நீங்க வந்திருக்கீங்க. நான் கட்டுன நெட்டுலதான் நீங்க ஆடுறதாச் செல்லத்துரை சொன்னான். அந்த நெட்டுக்கு நல்ல ஆள் கிடைச்சிருக்கு.

ஏழு வருசம் மலைக்குப் போனேன். ஏழு வருசமும் நானே குருசாமிகிட்ட முன்னால நின்னு மாலை வாங்குவேன், புதுசா வர்ற கன்னிச்சாமிகளுக்கு அது செய்யி இது செய்யின்னு சொல்லிக் கொடுப்பேன். அந்தக் கணக்க அழிச்சுட்டேன். வர்ற கார்த்திகை முதல் தேதி நான் கன்னிச்சாமி. எனக்கு மாலைய நீங்கதான் போட்டுவிடணும்.

இடது கையால போடாதீங்க, வழக்கம் இல்ல. அன்னிக்குத் தூக்குனீங்களே, அந்த வலது கையால போடுங்க.

இப்படிக்கு
காளிச்சாமி